விக்டரி கிராஸ் கன்ட்ரி: வண்டி இருக்கு, கம்பெனிதான் இல்ல

யூஸ்டு விக்டரி பைக் ஒண்ணு சல்லிசா வருது, வாங்கலாமாடான்னு இங்க அமெரிக்கால இருக்க ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான், நான் பல வருஷமா விக்டரியோட கிராஸ் கன்ட்ரிங்கற மாடல ஓட்டுறவன், அதான் எழுதுறேன். ஸ்பெக் எல்லாம் நெட்லயே கெடக்கு, பாத்துக்கோங்க.

இன்ஜின பத்தி மட்டும் சொல்லியே ஆகணும். ஃப்ரீடம் 106, 1731 சிசி, 50 டிகிரி வி-ட்வின், அதாவது V மாதிரி நிக்கிற ரெண்டு சிலிண்டர். ஹைட்ராலிக் லிஃப்டர் இருக்கறதால வால்வ் இடைவெளி தானா சரியாயிக்கும், கேம் செயின் டென்ஷனும் தானா அட்ஜஸ்ட் ஆயிக்கும், அதனால வால்வ் கிளியரன்ஸ் பாக்குறதுன்னு ஒரு வேலையே கெடையாது. ஆயில மாத்து, பெல்ட்ட ஒரு பார்வ பாரு, கெளம்பிட்டே இரு. இவ்ளோ பெரிய இன்ஜின் இவ்ளோ கம்மியா வேல வைக்கும்னு நான் நெனைக்கவே இல்ல.

கடுப்பு என்னன்னா எந்த கேஸ் ஸ்டேஷன்ல நிறுத்துனாலும் "ஹார்லியா?"ம்பாங்க. இல்லன்னா "அப்ப இந்தியனா?" (அதுவும் ஒரு அமெரிக்க பைக் பிராண்டுதான்). அதுவும் இல்லன்னு சொல்லிட்டு முழு கதையும் ஓதணும். மினசோட்டால ஸ்னோமொபைல் செஞ்சுட்டு இருந்த போலாரிஸ்காரங்க ஹார்லிக்கு போட்டியா 1998 ஜூலை 4 அன்னைக்கு அயோவா ஸ்பிரிட் லேக்ல மொத விக்டரிய எறக்குனாங்க, நல்லாத்தான் போச்சு, 2011ல இந்தியன் பிராண்ட வாங்குனாங்க பாருங்க, அன்னைக்கு புடிச்சுது சனி. 1901ல ஆரம்பிச்ச பழைய பேரு, 1953ல படுத்து பல கை மாறி வந்தது. அப்பறம் என்ன, எளைய தாரம் வந்த வீட்ல மூத்தவளுக்கு ஏது மரியாத? 2016ல இந்தியன் ஸ்கௌட்ட வெச்சே ஆக்டேன்னு ஒண்ணு செஞ்சு விக்டரி பேர ஒட்டி விட்டாங்க, 2017 ஜனவரி 9 மூடுறோம்னு அறிவிச்சுட்டாங்க.

கணக்குப்படி பாத்தா தப்பு சொல்ல முடியாது, விக்டரிக்கு மார்க்கெட் ஷேரும் வரல, லாபமும் நிக்கல, ரெண்டு பிராண்டுக்கு துட்டு போட எவனாலயும் முடியாது. சரி, போகட்டும்னுதான் இருந்தேன். 2025 அக்டோபர்ல அந்த இந்தியன்லயே பெரும்பங்க கரோல்வுட்ங்கற முதலீட்டு கம்பெனிக்கு விக்கிறோம்னாங்க பாருங்க, வயிறு எரிஞ்சு போச்சு. இதுக்காய்யா என் வண்டிய கொன்னீங்க?

மூடுறப்போ 10 வருஷம் பார்ட்ஸ் தருவோம்னாங்க, அந்த கெடு 2027 ஜனவரியோட முடியுது. ஆயில் ஃபில்டர், பிரேக் பேடுக்கெல்லாம் வெளி கம்பெனி சரக்கு இருக்கு, பயம் இல்ல. ஃபேரிங், அதான் முன்னாடி காத்த தடுக்கிற கவசம், அதோட பிளாஸ்டிக் ஒடஞ்சா என்ன பண்ணுவீங்க? பக்கத்துல ஒரு ஷாப்ல விக்டரின்னதும் கையே வெக்க மாட்டேன்னுட்டான்.

அதனால தெளிவா சொல்றேன், வாங்காத மச்சான். ஆனா விக்கிறவன் நம்பர எனக்கு அனுப்பு, சேடில்பேக், அதான் பின்னாடி ரெண்டு பக்கமும் இருக்க பெட்டி, அதோட மூடி ரெண்டும் ஒழுங்கா இருந்தா ஸ்பேருக்கு நான் எடுத்துக்கறேன்.