கெட்ட கனவும் கலைந்த தூக்கமும்: கர்ப்பத்தின் தொடக்கத்தில் எது கைகொடுக்கும்?

பகலெல்லாம் கண் சொக்கும், இரவில் தூக்கம் துண்டுதுண்டாகும். நடுவில் குழந்தையை எங்கோ மறந்து வைத்துவிட்டதாகவோ யாரோ துரத்துவதாகவோ ஒரு கனவு. முதல் மூன்று மாதத்தில் பல பெண்களுக்கு இப்படித்தான் இரவு போகிறது. கனவு வரப்போவதைச் சொல்வதில்லை, குழந்தைக்குக் கெடுதலும் செய்வதில்லை.

புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுவதால் பகலில் அசதி. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் கூடுவதால் அடிக்கடி சிறுநீர். தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது, கனவு மிகுந்த கட்டம் விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. அந்த நேரத்தில் விழித்தால் கனவு அப்படியே நினைவில் நிற்கும். ஆக, கனவுகள் கூடியதாகத் தோன்றுவதற்கு விழிப்புகள் கூடியதும் ஒரு காரணம். எனவே முதலில் குறைக்க வேண்டியது விழிப்பைத்தான் என்பது என் கட்சி. அதற்கு மேலும் ஒரே கனவு விரட்டினால் கனவிலேயே கைவைக்கலாம்.

தண்ணீரைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா?

மொத்தத்தில் குறைக்கவே கூடாது, அதிலும் வாந்தி இருந்தால். பகலில் நிறையக் குடித்துவிட்டு, படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் மட்டும் அளவாக இருந்தால் போதும். காபியும் அப்படித்தான்: நாளுக்கு 200 மில்லிகிராம் கஃபீனுக்குள், முடிந்தால் மதியத்துக்கு முன்.

பகல் தூக்கம் வேண்டுமா, வேண்டாமா?

தூக்கமின்மைக்கான பொது அறிவுரை 'பகலில் தூங்காதே' என்பது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் அதைக் கறாராகச் சொல்வது கொடுமை. பிற்பகல் மூன்று மணிக்குள், அரை மணி நேரத்துக்குள் ஒரு குட்டித் தூக்கம் போடலாம். அதைத் தாண்டினால் இரவிடமிருந்து கடன் வாங்குகிறோம்.

விழித்தபின் புரண்டு படுப்பதா, எழுந்துவிடுவதா?

எழுவதுதான் மேல். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் (கடிகாரம் பார்க்காமல், குத்துமதிப்பாக) மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, சலிப்பூட்டும் எதையாவது வாசித்து, கண் சொக்கியதும் திரும்பலாம். பயந்து விழித்தால் காத்திருக்கவே வேண்டாம். காலைத் தரையில் ஊன்றி, அறையில் இருக்கும் பொருள்களைப் பெயர் சொல்லிப் பார்த்தால் மனம் இடத்துக்கு வரும். போனை எடுத்துக் கனவுக்குப் பலன் தேடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி.

கனவை மறக்க முயல்வதா, திருத்தி எழுதுவதா?

எப்போதாவது வரும் கனவை விட்டுவிடலாம், அல்லது நெருங்கியவரிடம் சொல்லி இறக்கிவைக்கலாம். அது ஆறுதல் தரும், ஆனால் திரும்பத் திரும்ப வரும் கனவை நிறுத்துவது அரிது. அதற்கென ஒரு பயிற்சி இருக்கிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியும் கெட்ட கனவுத் தொல்லைக்கு இதைப் பரிந்துரைக்கிறது. பகலில் கனவைச் சுருக்கமாக எழுதி, பிடித்தபடி மாற்ற வேண்டும்: துரத்துபவர் வழி கேட்க வந்தவராகலாம், மூடிய கதவு திறக்கலாம். முடிவு நம்பும்படி இருக்க வேண்டியதில்லை. பிறகு புதிய கதையைத் தினமும் பத்து, இருபது நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். லேசான கனவில் தொடங்குவது நல்லது. உண்மையில் நடந்த கொடுமை கனவாக வருகிறதென்றால் தனியாக முயலாமல் மனநல ஆலோசகரோடு செய்வதே சரி. பலன் ஓரிரவில் வராது, வாரங்கள் பிடிக்கும். இருந்தாலும் மருந்து தேவைப்படாத வழி என்பதால் என் ஓட்டு இதற்கே.

மாத்திரையா, பழக்கத்தை மாற்றும் சிகிச்சையா?

நாள்பட்ட தூக்கமின்மைக்குப் பெரியவர்களுக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-இல் சொன்னது சிபிடி-ஐ என்ற பேச்சுவழி சிகிச்சையைத்தான். கர்ப்பிணிகளுக்கும் அது பொருந்தும். படுக்கை நேரத்தைச் சுருக்கும் பகுதியை மட்டும் மருத்துவர் தளர்த்திக் கொடுக்க வேண்டும்.

வாந்திக்காகத் தரப்படும் டாக்ஸிலமின், வைட்டமின் பி6 கலந்த மாத்திரை தூக்கமும் வரவழைக்கும். ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் அது கூடுதல் லாபம், ஆனால் தூக்கத்துக்காக நீங்களாகவே வாங்க வேண்டாம். மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் மாத்திரை சில நாடுகளில் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. கர்ப்பத்தில் அது பாதுகாப்பானது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. 'இயற்கை' என்று எழுதிய மூலிகை மாத்திரைகளையும் அதே கண்ணோடு பாருங்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: கர்ப்பம் என்று தெரிந்ததும் மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடுவது. மாத்திரை அடக்கி வைத்திருந்த கனவுக் கட்டம் அப்போது பீறிட்டுத் திரும்பி, கனவுகளை உக்கிரமாக்கலாம். நிறுத்துவதா, தொடர்வதா என்பதை மருத்துவரிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

அப்புறம் இடப்பக்கம் படுக்கும் கவலை. இந்த மாதங்களில் எப்படி வசதியோ அப்படிப் படுக்கலாம். பக்கவாட்டில் தூங்கும் அறிவுரை 28 வாரத்திலிருந்து வருவது.

தூங்கவே பயமாக இருக்கிறது, இரண்டு வாரமாக மனம் இருண்டே கிடக்கிறது, இரவில் கால்களை அசைக்காமல் இருக்க முடியவில்லை (இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம்), குறட்டையோடு மூச்சுத் திணறுகிறது என்றால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே.