காது மிஷினும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

காது மிஷின் வாங்கி இந்த ஆடியோடு 6 வருஷம் ஆகிறது. அதில் முதல் எட்டு மாதம் அது பீரோவுக்குள்தான் கிடந்தது.

சேலம் அம்மாபேட்டையில் 31 வருஷம் விசைத்தறி ஓட்டியவன் நான். ஒரே கூரைக்கடியில் எட்டுத் தறி. பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே காதோரம் போய்க் கத்த வேண்டும். இரைச்சலில் கெடும் காது முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான், அதாவது கீச்சென்ற உயர் சுருதி ஓசைகளில்தான், அடிவாங்கும். காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து போடும் படமான என் ஆடியோகிராமிலும் கோடு அங்கேதான் பள்ளத்தில் இறங்கியிருந்தது. ச, ஸ மாதிரி ஓசைகளெல்லாம் அந்தப் பக்கம் இருப்பவை. அதனால் பேசுவது கேட்கும், பேச்சு புரியாது. பேத்தி "காசு" என்றால் எனக்குக் "காது" என்று விழும். வீட்டில் எல்லோரும் குரலை உயர்த்தினார்கள். எனக்குக் குறைந்தது சத்தம் இல்லை, எழுத்து.

வாங்கிய கடையில் இருபது நிமிஷத்தில் மாட்டி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் தட்டு வைக்கும் சத்தம் மண்டையில் இடித்தது. என் குரலே குடத்துக்குள் இருந்து வந்தது. கழற்றி வைத்துவிட்டேன்.

மகள் வற்புறுத்தி காது கேட்பதைச் சோதித்து மிஷினைச் சரிசெய்து கொடுக்கும் வேறொரு ஆடியாலஜிஸ்டிடம் அழைத்துப் போனாள். சின்ன வயசுப் பெண்தான். "விசேஷத்துக்கு மட்டும் போட்டா மூளைக்குப் பழகாதுங்கய்யா. பல்லு தேய்ச்சதும் போடுங்க, படுக்கும்போது கழட்டுங்க. எங்க கேக்கல, எங்க குத்துதுன்னு எழுதிட்டு வாங்க" என்றார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் எழுதியது:

"குக்கர் விசில் தாங்க முடியல. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் சொன்னது புரியல. மருமகள் அடுப்படியிலிருந்து பேசினா ஒன்னும் தெரியல."

முதலாவதற்கு, பெரிய சத்தங்களின் உச்சத்தைக் கம்ப்யூட்டரில் குறைத்தார். இரண்டாவதற்கு, எதிரே இருப்பவர் குரலை மட்டும் அதிகம் பிடிக்கும் தனி புரோகிராம் போட்டுக் கொடுத்தார். மூன்றாவதைப் படித்துவிட்டு, "இதுக்கு மிஷின்ல வழியில்லைங்கய்யா, அடுத்த தடவை அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார். இப்போது மருமகள் "மாமா" என்று கூப்பிட்டு, நான் திரும்பிப் பார்த்த பிறகுதான் விஷயத்தைச் சொல்கிறாள். நான் அடைந்த பலனில் பாதி இதுதான் என்பேன். அந்த நோட்டுக்காக ஐந்து தடவை போய் வந்திருக்கிறேன். இந்தத் திருத்தங்கள் இல்லாமல் எவ்வளவு விலை மிஷின் வாங்கினாலும் வீண்.

பழகுவதற்குத் தினமும் பேத்தி பேப்பர் வாசிப்பாள், நான் அதே வரியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்பேன். மூன்றாம் மாதம் குடத்துச் சத்தம் போயே போய்விட்டது.

பராமரிப்பில் ஒன்றிரண்டு. மூன்றாம் வருஷம் வலது பக்கம் ஊமையாகிவிட்டது. பழுது என்று பயந்து எடுத்துப் போனேன். காதுக்குள் போகும் நுனியில் கடுகளவு வெள்ளை ஃபில்டர் ஒன்று, அதில் அழுக்கு அடைத்திருந்தது. மாற்றியதும் பேசியது. இப்போது நானே மாற்றுகிறேன். 312 நம்பர் பேட்டரியின் பழுப்பு ஸ்டிக்கரை உரித்ததும் உள்ளே தள்ளக் கூடாது. அது காற்றை இழுத்து வேலை செய்யும் பேட்டரி, சில நிமிஷம் வெளியே வைத்துப் பிறகு போட வேண்டும்.

மகள் இருப்பது ஏற்காட்டில். மார்கழிப் பனியில் அங்கே தங்கிய இரண்டாம் நாளே மிஷின் விட்டுவிட்டுக் கேட்டது. பேட்டரிக் கதவைத் திறந்தால் உள்ளே ஈரம் பூத்திருந்தது. அன்றிலிருந்து ராத்திரி பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைக்கிறேன். கீழே சேலத்து வேர்வைக்கும் அதே டப்பாதான்.

பட்டறைக்குள் போனால் மட்டும் கழற்றிவிடுவேன். இரைச்சலுக்கு அது காவல் இல்லை. மகன் இப்போது அங்கேதான் தறி ஓட்டுகிறான். காதை மூடும் இயர்மஃப் வாங்கிக் கொடுத்தேன். "நூல் அறுந்தா சத்தத்துலதாம்ப்பா தெரியும்" என்று கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறான். அவனுக்கு வயசு 34. அடுத்த தடவை நோட்டோடு அவனையும் ஆடியோகிராம் எடுக்க அழைத்துப் போகிறேன்.