மெட்டல் வால்வா டிஷ்யூ வால்வா? எங்க ஊர்ப்பக்கம் இருந்து பாத்தா

அப்பாவுக்கு 67 வயசுல இதயத்துல அயோர்ட்டிக் வால்வு மாத்துனப்ப நாங்க டிஷ்யூதான் (மாடு, பன்னி மாதிரி மிருகத்தோட திசுல செஞ்சது) வெச்சோம், அதனால என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும். ஆயுசு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், மெட்டல் ரொம்ப வருஷம் உழைக்கும், டிஷ்யூ சுமாரா 10-15 வருஷம். திருவனந்தபுரத்துல உருவாக்குன சித்ரா வால்வு 1990ல இருந்தே மனுசங்களுக்கு வெக்கிறாங்க, அது மெட்டல் வகை, விலையும் கம்மி.

ஆனா முடிவு பண்ண வெச்சது ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரைதான். மெட்டல்னா வார்ஃபரினோ அசிட்ரோமோ ஆயுசு பூரா. பெரியப்பா பையன் ஏரியூர் பக்கம், அவனுக்கு இதயத்துல மைட்ரல்ங்கிற இன்னொரு வால்வு எடத்துல மெட்டல், ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்ளோ நேரமாகுதுன்னு காட்டுற டெஸ்ட் அளவு, 2.5லிருந்து 3.5க்குள்ள நிக்கணும், கொறஞ்சா வால்வுல ரத்தம் கட்டும், கூடுனா உள்ள கசியும். டெஸ்டுக்கு பஸ் ஏறி தர்மபுரி வரணும், ரிப்போர்ட் வந்ததும் டாக்டருக்கு போன், திங்கள் புதன் முழு மாத்திரை மத்த நாள் பாதின்னு காலண்டர்ல எழுதி வெச்சிருக்கான், பாதிய பிளேடால வெட்டுறது அவன் பொண்டாட்டி. கீரை கூடக்கொறைய ஆனா ஐஎன்ஆரும் மாறும், அதுக்காக முருங்கைக்கீரைய விட வேணாம், ஆனா வாராவாரம் ஒரே அளவா இருக்கணும். காய்ச்சலுக்கு ஆண்டிபயாடிக் போட்டாலே அளவு மாறிடும், மூட்டுவலின்னு மெடிக்கல்ல கேட்டு வலி மாத்திரை முழுங்கவே கூடாது, களையெடுக்கப் போற எங்கப்பாவ அதுல கட்டிப்போட முடியுமா சொல்லுங்க. டெஸ்ட் தேவப்படாத புது மாத்திரைக்கு மாறிக்கலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, அந்த வகையில டாபிகட்ரான்ங்கிற மாத்திரைய மெட்டல் வால்வுக்கு குடுத்துப் பாத்த ஆய்வ ரத்தக்கட்டி, ரத்தக்கசிவு ரெண்டுமே கூடுனதால பாதியில நிறுத்திட்டாங்க.

டிஷ்யூன்னா மாத்திரையே இல்லன்னும் நெனைக்காதீங்க. அப்பாவுக்கு மொத 3 மாசம் அசிட்ரோம் இருந்துச்சு, இப்ப ஆஸ்பிரின் 75 மட்டும். இதயத் துடிப்பு தாறுமாறா போற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தா டிஷ்யூ வெச்சாலும் ரத்தம் உறையாத மாத்திரை தொடரும், அத ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

50க்கு கீழ இருக்கறவங்களுக்கு நான் இதையே சொல்ல மாட்டேன், சின்ன வயசுல டிஷ்யூ சீக்கிரம் தேயும், மறுபடி ஆபரேஷன். கொழந்த பெத்துக்க நெனைக்கிற பொண்ணுங்க கதை வேற, வார்ஃபரின் வயித்துப் புள்ளைய பாதிக்கும், டாக்டர்கிட்ட தனியா பேசணும். டிஷ்யூ தேஞ்சா சிலருக்கு தொடை வழியாவே புது வால்வு வெக்கிறாங்க, எங்களுக்கு அந்தக் கட்டம் வரல, அதனால அனுபவமா எதுவும் சொல்ல முடியாது.

எந்த வால்வா இருந்தாலும் பல்லு புடுங்கப் போனா வால்வு கார்ட காட்டுங்க, முன்னாடியே ஆண்டிபயாடிக் போடணும்.