டாக்டர் மேல் கேஸ் வந்தால் எந்த வக்கீல்? சில வருட அனுபவம்

என் கணவர் கும்பகோணத்தில் அறுவை சிகிச்சை மருத்துவர். சின்ன நர்சிங் ஹோம்தான். கணக்கு, ஊழியர்கள், இன்ஷூரன்ஸ் எல்லாம் என் பொறுப்பு. குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு விவசாயி, உள்ளே சீழ் பரவி, தஞ்சாவூருக்கு அனுப்பிய பிறகு இறந்துபோனார். முதலில் போலீஸ் புகார், அடுத்து நுகர்வோர் ஆணையத்தில் நஷ்டஈட்டு மனு. இரண்டுக்குமாக மூன்று வக்கீல்களிடம் பழக வேண்டியதாயிற்று.

முதலாமவர் எங்கள் குடும்ப வக்கீல், கிரிமினலில் பெயர் எடுத்தவர். போலீஸ் கட்டம் வரைக்கும் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2005-ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கையோடு கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்தார்: மருத்துவரைக் கிரிமினல் குற்றத்துக்கு இழுக்க மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும், நடவடிக்கைக்கு முன் சம்பந்தமில்லாத மருத்துவரிடம், முடிந்தால் அரசு மருத்துவரிடம், கருத்துக் கேட்க வேண்டும், வழக்கம்போலக் கைது செய்யக் கூடாது. அரசு மருத்துவர்களின் அறிக்கை வந்ததும் அந்தப் புகார் முடிந்தது. அலட்சியத்தால் மரணம் என்பதற்கு அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 304-ஏ. 2024 ஜூலை முதல் நடக்கிறவற்றுக்கு அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106(1). மருத்துவருக்கு அதிலும் உச்சபட்சம் 2 ஆண்டுதான்.

ஆணையத்து நோட்டீஸைப் பார்த்ததும் அவர் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. "அறுவடை முடிஞ்சு தர்றேன்னு சொன்ன ஆளுதானேம்மா? பணமே வாங்கலையே, கேஸ் நிக்காது. பதிலுக்கு ரெண்டு வாய்தா வாங்கிக்கலாம்."

இரண்டுமே சரியில்லை. நம் பக்கம் பாதி ஊர் அறுவடைக் கணக்கில்தான் வைத்தியம் பார்க்கிறது. தருவதாகச் சொன்ன பணமும் கட்டணம்தான் என்கிறது சட்டம். சிலரிடம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையில் அந்த இலவச நோயாளியும் நுகர்வோர்தான் என்று 1995-லேயே வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. வாய்தா கதையோ இன்னும் ஆபத்து. பதிலுரைக்கு 30 நாள், ஆணையம் மனது வைத்தால் மேலும் 15 நாள். 45 தாண்டினால் ஏற்கவே முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு முடிவாகச் சொல்லியிருக்கிறது. சிவில் கோர்ட் பழக்கத்தில் இருக்கும் வக்கீல்களிடம் இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இரண்டாமவர் இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் பட்டியலிலிருந்து தந்தவர். சட்டம் தெரிந்தவர்தான், ஆனால் என் கணவரிடம் பத்து நிமிஷம்கூடப் பேசவில்லை. அவர் அனுப்பிய வரைவில் வேறு ஏதோ கேஸின் வாசகங்கள் அப்படியே கிடந்தன.

மூன்றாமவர் தஞ்சாவூரில் இருக்கும் ஒரு பெண் வக்கீல், பெரும்பாலும் நோயாளிகள் பக்கம் ஆஜராகிறவர். அவரிடம் தோற்ற டாக்டர் ஒருவர்தான் பெயரைச் சொன்னார்! எதிர்த்தரப்பு ஏற்கெனவே தன்னிடம் வந்ததில்லை என்பதைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே உட்காரச் சொன்னார். அப்புறம் முழு கேஸ் ஷீட்டையும் கேட்டார். நர்ஸ் சார்ட்டில் நாடித்துடிப்பு எப்போது ஏற ஆரம்பித்தது, டியூட்டி டாக்டரை எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், ஆம்புலன்ஸ் எப்போது கிளம்பியது என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். என் கணவருக்குக் கோபம்கூட வந்தது, குறுக்கு விசாரணை மாதிரி இருக்கிறதே என்று. எனக்கு அதுதான் பிடித்தது. எதிர்த்தரப்பு எங்கே கை வைக்கும் என்பது அந்தப் பக்கம் நின்றவருக்குத்தான் தெரியும்.

ஒப்புதல் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. "இப்ப நிரப்பிடாதீங்க மேடம். காலியா இருக்கிறதுக்குப் பதில் சொல்லிக்கலாம், திருத்தினதுக்குச் சொல்ல முடியாது" என்றார். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளின் நகல் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 விதி. அந்தக் குடும்பமும் நகலை முன்பே வாங்கியிருந்தது.

ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் "பேசி முடிச்சுக்கலாம்" என்று வந்தபோதும் அவரைத்தான் கேட்டோம். எங்கள் பாலிசியில், கம்பெனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ சமரசம் பேசவோ கூடாது என்று இருந்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டியதே அவர்தான். கம்பெனியிடம் எழுதிக் கேட்டதில் அவரையே வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். அவர்கள் விகிதத்துக்கு மேற்பட்ட ஃபீஸ் எங்கள் கையிலிருந்து.

குறைகளும் உண்டு. போனை எடுக்க மாட்டார். ஜூனியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். உயர் நீதிமன்ற வேலையை எடுப்பதில்லை. அதற்கு ஆள் தேடுகிறவர்கள் மாவட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை, பக்கத்திலேயே இருக்கும் குடவாசல் திருவாரூர் மாவட்டம் என்பதால் சென்னை.

ஃபீஸைக் கட்டம் கட்டமாக எழுதி வாங்கினோம்: பதிலுரை, சாட்சிய வாக்குமூலம், வாதம். டாக்டர் நுகர்வோர் சட்டத்துக்குள் இருக்கிறார். வக்கீல் வரமாட்டார் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. என் கணவர் இதைச் சொல்லிச் சொல்லி இன்னும் புலம்புகிறார்.

மாவட்ட ஆணையத்தில் மனு தள்ளுபடியானது. அந்தக் குடும்பம் மாநில ஆணையத்தின் மதுரை அமர்வுக்கு மேல்முறையீடு செய்திருக்கிறது. அதற்கும் இவருக்கே வக்காலத்துக் கொடுத்திருக்கிறோம், போக்குவரத்துச் செலவு தனி.