போப்பாண்டவரின் பட்டத்தைக் கல்லில் வாசிக்க ஒரு ரோம் நடைப்பயணம்

ரோம் நகரின் நீரூற்றுகளிலும் தேவாலய முகப்புகளிலும் போப்பாண்டவர்களின் பெயரை அடுத்து ‘பொன்ட். மாக்ஸ்.’ என்ற சுருக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். ‘பொன்டிஃபெக்ஸ் மாக்சிமுஸ்’ என்னும் அந்தப் பட்டத்தை மட்டுமே பொருளாகக் கொண்டு ஒரு சிறிய வழிகாட்டி நிறுவனம் நடத்தும் அரைநாள் நடைப்பயணத்தில் அண்மையில் கலந்துகொண்டேன்.

வத்திக்கானை விட்டுவிட்டுப் போர்ட்டா மஜோரே வாயிலில் தொடங்குவதே இதன் முதன்மையான சிறப்பு. பேரரசர் கிளாடியஸ் கட்டிய நீர்ப்பாதையைத் தாங்கும் அந்த வாயிலின் கல்வெட்டிலும் இதே பட்டம் இருக்கிறது; ஏனெனில் இது கிறித்தவத்துக்கு முந்தைய ரோமானியச் சமயத்தின் தலைமைப் பூசாரிக்கு உரியது. கி.மு. 63இல் ஜூலியஸ் சீசர் தேர்தலில் வென்று அப்பதவியைப் பெற்றார்; கி.மு. 12இல் அகஸ்டஸ் ஏற்ற பிறகு அது பேரரசர்களுக்கே உரியதாயிற்று.

அடுத்து பலாட்ஸோ மாசிமோ அருங்காட்சியகத்தில், பலியிடும் பூசாரியைப் போல மேலாடையால் தலையை மூடி நிற்கும் அகஸ்டஸின் பளிங்குச் சிலைக்கு முன் வழிகாட்டி நெடுநேரம் பேசினார். பட்டத்தின் முதற்பகுதி ‘பாலம் அமைப்பவர்’ என்று பொருள்படும் என்பதும், திபெர் ஆற்றின் பழைய மரப்பாலத்தைப் பூசாரிகளே கட்டிப் பேணியதால் அப்பெயர் வந்தது என்பதும் பண்டைய ரோமானிய அறிஞர் வர்ரோவின் விளக்கம். ஆனால் தலைமைப் பூசாரியாக இருந்த ஸ்கேவோலா ‘ஆற்றல்’ என்ற பொருளுடைய வேறொரு வேரைக் காட்டினார் என்பதையும் வர்ரோவே பதிவு செய்திருக்கிறார். இரண்டையும் முன்வைத்து, அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை என்று தெளிவாகச் சொன்ன வழிகாட்டியின் நேர்மை என்னை மிகவும் கவர்ந்தது. கவர்ச்சியான விளக்கம் ஒன்றை உறுதியான உண்மையாகச் சொல்லிவிடுவது சுற்றுலாக்களில் வழக்கமாகிவிட்ட நிலையில், இது பெரிய விஷயம்.

குறையும் உண்டு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேரரசர் கிராஷியன் இப்பட்டத்தைத் துறந்ததைச் சொன்ன கையோடு, பன்னிரண்டாம் கிளமெண்டின் பெயரும் 1735ஆம் ஆண்டும் பொறித்த ட்ரெவி நீரூற்றுக்கு எங்களை அழைத்துச் சென்றுவிட்டார். இதனால் பேரரசரின் கையிலிருந்து பட்டம் நேராகப் போப்பாண்டவரிடம் வந்தது போன்ற தோற்றம் உண்டாகிறது. உண்மையில், பதினைந்தாம் நூற்றாண்டில், பழைய ரோமின் மீது ஆர்வம் பெருகிய மறுமலர்ச்சிக் காலத்தில்தான் போப்பாண்டவர்களின் கல்வெட்டுகளில் இது வழக்கமாக இடம்பெறத் தொடங்கியது. பயணத்தின் இந்த இடைப்பகுதிக்குக் கால்மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

பயணம் புனித பேதுரு பேராலயத்தின் முகப்பில், ஐந்தாம் பவுல் 1612இல் பொறித்த வரியோடு நிறைவடைகிறது. வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். போர்ட்டா மஜோரேயில் டிராம் இரைச்சல் அதிகம் என்பதால் வழிகாட்டிக்கு அருகிலேயே நில்லுங்கள். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் வேறு நாளில் முன்பதிவு செய்யுங்கள்.