ஊருக்குப் போகிறவர்களுக்கு டேட்டா மட்டும் போதாது

ஓகஸ்ட்டில் யாழ்ப்பாணம் நல்லூர்த் திருவிழாவுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போய் மூன்று கிழமை நின்றுவிட்டு வந்தேன். ஆறு வருசத்துக்குப் பிறகு போன பயணம். வந்து இறங்கிய நாள் முதல் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் சிநேகிதிகள் கேட்பது ஒரே கேள்வி: "போனுக்கு என்ன செய்தனீ?" டிசம்பரில் போக இருப்பவர்களுக்கு ஒவ்வொருவராக வைபரில் சொல்லி முடியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. என் கனடா போன் நிறுவனத்தின் றோமிங், அதாவது இதே நம்பரை வெளிநாட்டில் பாவிக்கிற காசு, ஒரு நாளைக்குப் பதினைந்து டொலருக்கு மேல். இருபத்தொரு நாள், இரண்டு போன். அறுநூறு டொலரைத் தாண்டுகிறது. அந்தக் காசுக்குப் பெரியம்மா வீட்டுக் கிணற்றுக்குப் புது மோட்டரே வாங்கிப் போடலாம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியவுடன் சிம் வாங்கலாம்தான். ஆனால் போன முறை நடு இரவில், தூங்கி விழும் பிள்ளையோடு அந்த வரிசையில் நின்றது இன்னும் மறக்கவில்லை. அதனால் இந்த முறை பயண இ-சிம்.

இ-சிம் என்பது புதுப் போன் ஒன்றும் இல்லை, கையில் எடுத்துப் போடும் சிம்மும் இல்லை. போனுக்குள்ளேயே பதித்திருக்கும் சிப்பில், கியூ.ஆர். குறியை ஸ்கான் பண்ணி ஒரு கணக்கை இறக்குகிறோம், அவ்வளவுதான். உங்கள் போனுக்கு அது ஏறுமா என்று பார்க்க *#06# என்று அடியுங்கள். ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தோடு ஈ.ஐ.டி. என்று 32 இலக்கத்தில் ஒன்று வந்தால் ஏறும். அடுத்தது பூட்டு, அதாவது விற்ற நிறுவனத்தின் சிம் மட்டும்தான் ஏறும் என்ற தடை. கனடாவில் 2017 டிசம்பர் 1க்குப் பிறகு விற்ற போன்கள் எல்லாம் பூட்டில்லாமல்தான் விற்கப்பட வேண்டும் என்பது சட்டம், ஆகவே இங்கே வாங்கியதற்குப் பயமில்லை. என் மகளின் போன் பஃபலோவில் இருக்கும் மாமா வாங்கிக் கொடுத்தது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களுக்கு 14இலிருந்து சிம் போடும் தட்டே கிடையாது, அங்கே தவணைக்கு வாங்கினால் பூட்டும் இருக்கலாம். செற்றிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபௌட் என்று போய், கரியர் லொக் என்ற வரிக்கு எதிரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருப்பதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இலங்கைக்கு இ-சிம் விற்கும் செயலிகள் நிறைய. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் பார்த்தது வேறு விசயங்கள். ஊரில் எந்த வலையமைப்பில் ஏறும், டயலொக்கா, மொபிற்றலா, ஹட்ச்சா? நாள் கணக்கு வாங்கிய அன்றே தொடங்குமா, அங்கே போய்ச் சிக்னலில் ஏறின பிறகா? ஹொட்ஸ்பொட் குடுக்க விடுவார்களா? 'அன்லிமிற்றெட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் கீழே சின்ன எழுத்தையும் வாசியுங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான், அதற்கு மேல் வேகம் விழும் என்று அங்கே இருக்கும். நான் ஆளுக்குப் 10 ஜிபி, 30 நாள் எடுத்தேன். புறப்பட இரண்டு நாளுக்கு முதல் வீட்டு வைபையில் இருந்தபடியே ஏற்றியாயிற்று. ஏற்றினதை மட்டும் அழித்துவிடாதீர்கள். பெரும்பாலான கியூ.ஆர். குறிகள் ஒரு தரம்தான் வேலை செய்யும்.

இன்னொன்றும் செய்தேன், இதுதான் பிறகு கை கொடுத்தது. என் கனடா நம்பர் தட்டில் போடும் சின்னச் சிம்மில் இருந்தது. நிறுவனத்துக்கு எடுத்துச் சொல்லி அதையும் இ-சிம் ஆக்கிவிட்டேன். தட்டு காலியாகிவிட்டது.

துபாயில் நாலு மணித்தியாலம். இலங்கைக்கு மட்டும் எடுத்த இ-சிம் அங்கே வேலை செய்யாது, விமான நிலைய வைபை இருக்கிறது. ஆனால் எமிரேட்ஸ் நாட்டில் வட்ஸ்அப், வைபர் அழைப்புகளுக்குத் தடை. செய்தி போகும், கதைக்க ஏலாது. வாகனக்காரரோடு அங்கிருந்தே ஒருக்கால் கதைத்து வைப்போம் என்ற என் திட்டம் அதோடு போயிற்று.

கட்டுநாயக்காவில் இறங்கியதும் போனில் சிக்னல் கோடுகள் நிரம்பி நிற்கின்றன, ஒரு செய்தியும் வரவில்லை. எனக்குக் கைகால் பதறத் தொடங்கிவிட்டது. மகள்தான் வாங்கிப் பார்த்து, "அம்மா, டேட்டா றோமிங்கை ஓன் பண்ணேல்லை" என்றாள். கனடா நம்பருக்கு அதை நிறுத்த வேண்டும், பயண இ-சிம்முக்கு அதைப் போட வேண்டும். நான் பயத்தில் இரண்டுக்கும் நிறுத்தி வைத்திருந்தேன். போட்ட அந்தச் செக்கனில் கடகடவென்று செய்திகள் விழுந்தன.

சந்தோசம் பத்து நிமிடம்தான். வெளியே வந்தால் எங்களை ஏற்ற வர வேண்டிய வானைக் காணவில்லை. பெரியம்மாவின் மருமகன் ஒழுங்கு பண்ணின வான். சாரதியின் 077 நம்பர் கையில் இருக்கிறது. வைபரில் அவர் இல்லை, வட்ஸ்அப்பிலும் இல்லை. பயண இ-சிம்மில் டேட்டா மட்டும்தான், அதற்கு நம்பரே கிடையாது. சரி, ஒரு நாள் றோமிங் காசு போனால் போகட்டும் என்று கனடா நம்பரில் இருந்து எடுத்தேன். மணி அடிக்கிறது, ஆள் தூக்கவில்லை. மூன்று தரம் எடுத்தேன். கடைசியில் பொதி தள்ளும் ஒரு சிங்களத் தம்பி தன் போனைத் தந்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் சாரதி.

"அக்கா, நான் இஞ்ச தூணடியிலதான் நிக்கிறன். வெளிநாட்டு நம்பர் ஒண்டு வந்தது, ஏமாத்துற ஆக்களாக்கும் எண்டு விட்டிட்டன்."

அவரில் பிழை இல்லை. அப்படியான அழைப்புகளைத் தூக்காதீர்கள் என்றுதானே நாங்களும் ஊரில் இருக்கும் வயதானவர்களுக்குச் சொல்கிறோம். அந்தத் தூணடியில் எனக்கு விளங்கிய விசயத்தைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். சிகிரியா பார்க்கப் போகும் வெள்ளைக்காரருக்கு டேட்டா போதும். படம் பார்ப்பார், வழி தெரிய மப் பார்ப்பார், ஹொட்டேலுக்கு மின்னஞ்சல் போடுவார். நாங்கள் போவது ஆட்களிடம். அந்த ஆட்கள் எங்களுக்கு எடுக்க ஒரு நம்பர் வேண்டும்.

புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி, வவுனியா என்று இரவோடு இரவாக ஓடினோம். இ-சிம் வழியெல்லாம் நன்றாகத்தான் வேலை செய்தது. வைபரில் கதைக்கும்போது மட்டும் நான் சொன்னது அங்கே கேட்க ஒரு கணம் பிந்தியது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்து, ஒரே நேரத்தில் நிறுத்தினோம். கூகிளில் ஏதோ தேடினால் நான் ஹொங்கொங்கில் இருப்பதாகக் காட்டியது. பயண இ-சிம் பலதும் றோமிங் முறையில்தான் ஓடுகின்றன. சிக்னல் கோபுரம் இலங்கையில், ஆனால் டேட்டா அந்த இ-சிம்மின் சொந்த வலையமைப்பு இருக்கும் நாட்டுக்குப் போய்த்தான் வெளியே வருகிறது. செய்திக்கும் மப்புக்கும் அந்தப் பிந்தல் தெரியாது. கதைப்பதற்குத் தெரியும்.

பருத்தித்துறையில் பெரியம்மாவுக்கு எண்பத்தாறு வயது. பட்டன் போன். இலக்கங்கள் தேய்ந்து ஐந்தும் எட்டும் அழிந்துபோய்விட்டன, விரலால் தடவிக் கண்டுபிடித்து அழுத்துவார். தேவையான நம்பர்களை எல்லாம் சுவரில் தொங்கும் நாட்கலண்டரின் மட்டையில் நீலப் பேனையால் எழுதி வைத்திருக்கிறார். சங்கக்கடை, மருந்துக்கடைத் தம்பி, ஓட்டோ, கனடா, லண்டன். நாங்கள் போய் இரண்டாம் நாள், யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய்விட்டு வரப் பிந்திவிட்டது. திரும்பி வந்தால் படலையடியில் கதிரை போட்டு இருட்டுக்குள் இருக்கிறார்.

"பிள்ளை, உனக்கு எடுக்க ஒரு நம்பர் இல்லையே. ஆரைக் கேக்கிறது நான்?"

அடுத்த நாள் காலை முதல் வேலையாகப் பேருந்து நிலையத்தடிக் கடையில் சிம் எடுத்தேன். கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும், பிரதி எடுப்பார்கள். கடைப் பெடியன் கேட்டது நல்ல கேள்வி: "அக்கா, கூட எந்தப் பக்கம் நிப்பியள்?" பெரியம்மா வீட்டுப் பக்கம், வடமராட்சி என்றேன், நெடுந்தீவுக்கும் ஒரு நாள் போவோம் என்றேன். இரண்டு இடத்திலும் தன் சொந்தக்காரர் பாவிப்பது எது என்று பார்த்து ஒன்றைத் தந்தார். நெடுந்தீவுக்குப் போகக் குறிகட்டுவானில் படகு ஏறியபோது அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பயண இ-சிம் நடுக்கடலில் செத்துப்போக, ஊர்ச் சிம் ஒரு கோட்டோடு தாக்குப் பிடித்தது. சிம்மும் ஒரு மாத டேட்டாவும் கதைக்கும் நிமிடங்களும் சேர்த்து கனடாக் காசில் பத்து டொலரைக்கூடத் தொடவில்லை.

காலியாக வைத்திருந்த தட்டு இப்போதுதான் உதவியது. ஐபோனில் ஒரே நேரத்தில் இரண்டு நம்பர்தான் உயிரோடு இருக்கும். பயண இ-சிம்மை நிறுத்தி, ஊர்ச் சிம்மையும் கனடா நம்பரையும் விட்டேன். கனடா நம்பருக்கு டேட்டா றோமிங்கைத்தான் நிறுத்த வேண்டும், நம்பரை நிறுத்தவே கூடாது. காசு எடுக்கப் போன இடத்தில் என் அட்டையை வங்கி மறித்துவிட்டது. அதைத் திறக்கிற ஓ.ரி.பி., ஒரு தரம் மட்டும் பாவிக்கிற இலக்கம், அந்த நம்பருக்குத்தான் வந்தது. என் நிறுவனத்தில் வெளிநாட்டில் வரும் குறுஞ்செய்திக்குக் காசு இல்லை. உங்களுடையதில் எப்படி என்று போக முதல் கேட்டு வையுங்கள், ஆனால் வருகிற அழைப்பைத் தூக்கினால் அன்றைய நாள் காசு விழும். மகளின் போனில் தட்டு இல்லாததால் அவள் பயண இ-சிம்மோடுதான் கடைசிவரை நின்றாள். டயலொக்கும் மொபிற்றலும் இப்போது உள்ளூர் இ-சிம்மும் தருகின்றன. ஆனால் நான் போன சின்னக் கடையில் அது இல்லை, ரவுணில் உள்ள கிளைக்குப் போகச் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை.

தேர் அன்று நல்லூரில் எந்தச் சிம்மும் உதவவில்லை. வீதி முழுக்கச் சனம், அத்தனை பேர் கையிலும் போன். கோடு நிற்கும், அழைப்புப் போகாது. பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று வெளிக்கிட முதலே பிள்ளைகளுக்கு ஒரு இடம் சொல்லி வையுங்கள்.

என் நம்பரைக் கலண்டர் மட்டையில் பெரியம்மாவே எழுதினார். ஒவ்வொரு இலக்கமாக நான் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லிச் சொல்லி எழுதினார். அதற்குப் பிறகு ரவுணுக்குப் போனால் மத்தியானம் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் போன் அடிக்கும். "சாப்பிட்டனீங்களோ?" அவ்வளவுதான், வைத்துவிடுவார். புறப்படுகிற அன்று கலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, "இது அடுத்த முறையும் இருக்குமோ, இல்லை வெட்டட்டோ?" என்று கேட்டார். விமான நிலையத்தில் வாங்கும் சுற்றுலாச் சிம் என்றால் தவணை முடிய நம்பரும் போய்விடும். நான் கடையில் எடுத்தது சாதாரணச் சிம். இடைக்கிடை ரீலோட் போட்டு, அதாவது காசு ஏற்றி வந்தால் சாகாது என்று பெடியன் சொல்லியிருந்தார், அதை இங்கே ரொறன்ரோவில் இருந்தும் போடலாம். வெட்ட வேண்டாம் பெரியம்மா என்றேன். சிம் இப்போது என் தையல் பெட்டிக்குள் இருக்கிறது, போன கிழமை முதலாவது ரீலோட் போட்டேன்.