வரப்பா, அகழியா? பொத்தையடி நிலத்துக்கு எது ஒத்துவரும்

ஐப்பசி நெருங்கினால் பொத்தைச் (சிறு பாறைக்குன்று) சரிவில் மானாவாரிக் காடு வைத்திருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: மழைத்தண்ணீரை மறிக்க வரப்பு போடவா, அகழி வெட்டவா? முதலில் ஒரு குழி தோண்டிப் பாருங்கள் என்பேன்.

ஒன்றரை அடி ஆழம் போதும். தண்ணீர் ஊற்றி ஒருமுறை வடியவிடுங்கள். காய்ந்த மண் முதல் தடவை மடமடவென்று குடிக்கும், அதை நம்பக் கூடாது. மறுபடி நிரப்பி, குச்சியில் கோடு போட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். மணல் மண் மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் உறிஞ்சும். களிமண் 1 முதல் 5 மி.மீ. குழியில் பக்கவாட்டிலும் கசியும் என்பதால் அளவு கொஞ்சம் கூடவே காட்டும்.

நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துச் செவல் (செம்மண்) என்றால் என் ஓட்டு வரப்புக்கு. ஆனால் செவலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மழைத்துளி அடித்து மேல்மண் ஓடு கட்டிவிடும். அடியில் மண் காய்ந்து கிடக்க, தண்ணீர் மேலாகவே ஓடிவிடும். சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு போட்ட பிறகுதான் வரப்பால் பலன். அதுவும் மட்டமாக இருக்க வேண்டும். கண்ணளவில் நான் போட்ட முதல் வரப்பில் ஓரிடம் ஒரு சாண் தாழ்ந்திருந்தது. ஒரே ராத்திரி மழை. அத்தனை தண்ணீரும் அந்த இடத்தைத் தேடி வந்து உடைத்து, முழங்கால் ஆழத்துக்கு ஓடை பறித்துவிட்டது.

அகழி தண்ணீரைச் சீக்கிரம் கீழே இறக்கும். எங்கே இறக்கும் என்பதுதான் கேள்வி. இரண்டடியில் சரளையோ பாறையோ தட்டினால், இறங்கிய தண்ணீர் அதன் மேலேயே சரிவோடு வழுக்கிப் போகும். நாம் கூலி கொடுத்து வெட்ட, கீழ்க்காட்டுக்காரர் கிணறு ஊறும்! மா, நெல்லி வைப்பவர்களுக்கு அகழி நல்லதுதான். கீழ்க்கரையில் கன்று நட்டால் வேர் அந்தக் கசிவைப் பிடித்துக்கொள்ளும்.

சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் கதை தலைகீழ். முதல் மழை வெடிப்பு வழியே நேராக உள்ளே போகும். மண் உப்பி வெடிப்பு மூடியதும் சொட்டு இறங்காது. மட்ட வரப்பு போட்டால் தண்ணீர் தேங்கி உளுந்து அழுகும். கோடையில் வரப்பே வெடித்து, அடுத்த மழையில் எலிவளை மாதிரி துளை விழும். அகழியின் சுவரும் நிற்காது, சரியும். அங்கே லேசான வாட்டம் (சரிவு) கொடுத்த வரப்பு போட்டு, தண்ணீரைப் பண்ணைக்குட்டையில் சேர்ப்பதே சரி.

திசையன்விளைத் தேரிக்கு (செம்மணல் மேடு) இரண்டுமே வேண்டாம். அங்கே மண்ணை அள்ளிக்கொண்டு போவது காற்று.

வெட்டிவேரை விட்டுவிடக் கூடாது. வேர் 10 அடி வரை இறங்கும், ஓடும் தண்ணீரை நிதானப்படுத்தி வண்டலைப் படியவைக்கும். வேலியாக அடர ஓரிரு வருடம் ஆகும், அதனால் தனியாக நம்ப முடியாது. என் செவலில் இப்போது வரப்பு போட்டு அதன்மேல் அதைத்தான் நட்டிருக்கிறேன். இந்தத் தடவை டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து.